அளவு ஜாக்கெட்டுக்குள் வந்த கடிதங்கள்

சமயநல்லூருக்கு மேற்கே இருக்கும் என் புகுந்த வீட்டிலிருந்து, டி. கல்லுப்பட்டிப் பக்கம் இருக்கும் என் தங்கை வீட்டுக்குக் காரில் போனால் ஒன்றரை மணி நேரம். வழியில் நிறுத்திக் காபி குடித்தால் கூடக் கால் மணி. அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கடக்க எனக்கு ஒன்பது வருஷம் ஆயிற்று. அந்த ஒன்பது வருஷமும் கடிதம் எழுதிக்கொண்டுதான் நாங்கள் அக்கா தங்கையாக இருந்தோம். எந்தக் காலத்துக் கதை என்று கேட்காதீர்கள். இந்தக் காலத்துக் கதைதான். ஆளுக்கொரு செல்போன் வைத்திருக்கிற காலத்துக் கதை.

செல்போனைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைக் கிறுக்கி என்பீர்கள். என்னிடம் இருக்கும் போன் என் கணவர் பெயரில் இருக்கிறது. யாரோடு எவ்வளவு நேரம் பேசினேன் என்று தினமும் எடுத்துப் பார்ப்பார். ஒளித்தெல்லாம் பார்ப்பதில்லை. என் எதிரிலேயே, பேப்பர் படிப்பதுபோல நிதானமாகப் பார்ப்பார். தங்கையின் போன் அவளுடைய மாமியார் தலைமாட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டு கிடக்கும். யார் கூப்பிட்டாலும் முதல் 'அலோ' மாமியாருடையதுதான். இந்த லட்சணத்தில் எந்தப் போனில் எதைப் பேசுவது?

இரண்டு வீட்டையும் சுற்று வட்டாரத்தில் அரண்மனை என்றுதான் சொல்வார்கள். ஜமீன் ஒழிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. எங்கள் அரண்மனையில் மழை பெய்தால் ஒழுகாத அறை இரண்டுதான், அதில் ஒன்று சாமி அறை. ஆனால் சட்டதிட்டங்கள் மட்டும் ஒரு ஓட்டை விழாமல் அப்படியே இருந்தன. அரண்மனைப் பெண்கள் கடைக்குப் போகக்கூடாது, கடை வீட்டுக்கு வரும். பஸ் ஏறக்கூடாது. வாசலில் நின்று கீரைக்காரியிடம் பேரம் பேசக்கூடாது. வீட்டு வேலைக்கு வருகிற பெண் "ஒங்களுக்கென்னம்மா, ராணி மாதிரி இருக்கீக" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் மூன்று மணிக்குக் கையைத் துடைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, நினைத்த பஸ்ஸில் ஏறி நினைத்த ஊருக்குப் போவாள். ராணி ஜன்னலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நாங்கள் இரண்டே பெண்கள். அண்ணன் தம்பி கிடையாது. அப்பாவும் அம்மாவும் போனபிறகு பிறந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. எங்களைப் பங்காளிகள் இருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அதாவது என் கணவரும் தங்கை கணவரும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள், ஒரே குலசாமி. 'அக்காளும் தங்கச்சியும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருப்பீக' என்று சொல்லித்தான் முடித்தார்கள். நன்றாக இருந்தோம், போங்கள்!

சண்டை குலசாமி கோயிலில் வந்தது. திருவிழாவில் சாமி முன்னால் தலையில் பட்டுத்துணி கட்டுவார்களே, பரிவட்டம், அதை முதலில் யாருக்குக் கட்டுவது என்பது தகராறு. மூத்தவர் என் கணவர். ஆனால் அன்றைக்குப் பூசாரிக்கு என்ன அவசரமோ, பக்கத்தில் நின்ற தங்கை கணவருக்குக் கட்டிவிட்டார். அவரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. அவ்வளவுதான். நானும் தங்கையும் கோயிலுக்குப் பின்னால் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தோம். கரண்டியைக் கீழே வைக்கக்கூட விடவில்லை. "ஏறு வண்டில" என்றார் என் கணவர். ஏறினேன். தங்கை உள்ளங்கையில் முந்திரிப் பருப்போடு அப்படியே நின்றாள். ஒரு துணித்துண்டுக்காக!

அதற்கப்புறம் போக்குவரத்து இல்லை. சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்குக்கூட எங்களை முந்தின நாள் வரவேற்புக்கும் அவர்களை மறுநாள் முகூர்த்தத்துக்கும் கூப்பிடுவார்கள், எதிரும் புதிரும் ஆகிவிடக்கூடாதாம். ஆண்கள் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டதில் அவர்களுக்கு ஒரு குறையும் வரவில்லை. தினமும் வெளியே போனார்கள், நாலு பேரைப் பார்த்தார்கள், வந்தார்கள். எங்களுக்குத்தான் இருந்த ஒரே ஆளும் போனது.

எங்களைக் காப்பாற்றியது பழங்காநத்தத்து டைலர். டவுனுக்குள் பரம்பரையாகத் தையல் தொழில் செய்த முஸ்லிம் வீட்டுப் பெண். என் கல்யாண ஜாக்கெட்டிலிருந்து அவள்தான் எங்கள் இரண்டு பேருக்கும் தைத்தாள். அவளுக்கு நான் பெரியக்கா, தங்கை சின்னக்கா. சண்டை வந்த மூன்றாவது மாதம் அவளிடம் அளவு கொடுக்கப் போயிருந்தேன். அது ஒன்றுக்குத்தான் எனக்கு வருஷத்தில் இரண்டு தடவை அனுமதி உண்டு, அதுவும் டிரைவர் வாசலில் நிற்க. "சின்னக்கா ஒங்களைக் கேட்டாக, கேட்டுட்டு அழுதாக" என்றாள். நான் அங்கேயே அவள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நாலு வரி எழுதினேன். எங்கே வைப்பது? அளவுக்காகக் கொடுத்து வைத்திருந்த தங்கையின் பழைய ஜாக்கெட் அலமாரியில் கிடந்தது. அதன் கைக்குள் தாளை மடித்து வைத்து ஊக்குக் குத்தினேன்.

"ரெண்டு பேரு துணியும் ஒரே அலமாரியிலதான் கெடக்குது. ஒண்ணுல இருக்குறது இன்னொண்ணுக்குப் போனா எவனுக்குக்கா தெரியப் போகுது? ஜாக்கெட்டுக்குள்ள கையை விட்டுப் பாக்குற ஆம்பள இன்னும் அரண்மனையில பொறக்கல" என்றாள். எங்கள் பரம்பரையின் பெருமையை இத்தனை கச்சிதமாக வேறு யாரும் சொன்னதில்லை.

அப்படித்தான் ஆரம்பித்தது. அளவு ஜாக்கெட்டும் புதுத்துணியும் ஒரு கட்டைப் பையில் டிரைவர் கையில் போகும், தைத்த ஜாக்கெட்டும் கடிதமும் அதே பையில் வரும். இதில் ஒரு கஷ்டம், ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு ஜாக்கெட் தைத்தாக வேண்டும். என் பீரோவில் போடாத ஜாக்கெட் அடுக்கடுக்காக இருந்தது. சேலையே இல்லாத நிறத்தில்கூட ஜாக்கெட் இருந்தது. "இம்புட்டு ஜாக்கெட்டு எதுக்கு?" என்று என் கணவர் ஒருநாள் கேட்டார். "அரண்மனைக்காரி ஒரே ஜாக்கெட்டைப் போட்டுட்டு அலைய முடியுமா?" என்றேன். வாயை மூடிக்கொண்டார். அவர்கள் சட்டத்தை அவர்கள் மேலேயே திருப்பிவிடும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதை அனுபவித்தால்தான் தெரியும்.

கடிதத்தில் என்ன எழுதினோம்? பெரும்பாலும் சிரிக்கிற மாதிரிதான். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சின்ன வயதில் எங்கள் இரண்டு பேரையும் ஹாஸ்டலில் விட்டிருந்தார்கள். வாராவாரம் வீட்டுக்கு எழுதுகிற கடிதத்தை அப்பா வந்தவர்கள் போனவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டுவார். நான் ஒரு தடவை காய்ச்சல், அழுகையாக வருகிறது என்று எழுதிவிட்டேன். அடுத்த விடுமுறைக்குப் போனபோது, "நம்ம வீட்டுப் பிள்ளைக அழுகையைத் தாள்ல வைக்கலாமா? நாலு பேரு என்ன நினைப்பாக?" என்று மட்டும் கேட்டார். அடிக்கக்கூட இல்லை. அதோடு எங்கள் இரண்டு பேருக்கும் அந்த வித்தை மறந்துபோயிற்று. எதையும் வேடிக்கையாக எழுதுவோம். வலிக்கிறது என்று எழுத வராது.

தங்கை என்னைவிடக் கெட்டிக்காரி. ஒரு கடிதம் இப்படி: 'அக்காவுக்கு, இந்த மாசம் எங்க வீட்ல நடந்த ஒரே விசேசம், மாடிக்கு வந்த கொரங்கு என் மாமியா பல்செட்டைத் தூக்கிட்டுப் போனதுதான். புதுசு வர ஒரு வாரம் ஆச்சு. ஒரு வாரமும் அவுக வாயைத் திறக்கல. கட்டிட்டு வந்த நாள்லருந்து நான் இம்புட்டு நிம்மதியா இருந்ததில்ல. கொரங்குக்கு வாழைப்பழம் வச்சிருக்கேன். திரும்ப வரணுமே.'

இன்னொன்று: 'நான் குளியலறையில ஒக்காந்துதான் ஒனக்கு எழுதுறேன். இந்த வீட்ல அந்தத் தாப்பா ஒண்ணுதான் எனக்குச் சொந்தம். ரொம்ப நேரம் ஆனா கதவைத் தட்டுறாக. வயிறு சரியில்லைன்னு சொல்லிக்கிடுவேன். ஒன்னாலதான்டி எனக்கு வயித்துக் கோளாறுகாரின்னு பேரு.' கோபம் வந்தால் என்னையே அவள் 'டி' போட்டு எழுதுவாள்.

நானும் எழுதுவேன். மாடியிலிருந்து பார்த்தால் திண்டுக்கல் போகிற ரயில் தெரியும். அதில் ஜன்னலோரம் உட்கார்ந்து வடை தின்றுகொண்டு போகிற பெண்களை நான் எப்படியெல்லாம் திட்டினேன் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். என் இரண்டு பையன்களும் படித்து, வேலை கிடைத்து, வடக்கே போய்விட்டார்கள். தங்கைக்குப் பிள்ளை இல்லை. அதை அவள் வீட்டில் அவளுக்கு ஒருநாளும் மறக்க விடவில்லை, அதையும் அவள் வேடிக்கையாகத்தான் எழுதினாள். அவள் கடிதங்களை நான் மூன்று தடவை படித்துவிட்டுக் கிழித்துவிடுவேன். பயம். பயந்து பயந்தே காலம் போயிற்று.

ஒரு தடவை கடிதத்தின் அடியில் எழுதியிருந்தாள்: 'டைலர்கிட்ட அரை இஞ்சு பிடிச்சுத் தைக்கச் சொல்லிருக்கேன். நான் ஒன்னைய மாதிரி நெல்லுக்குதிர் ஆகல.' எனக்குச் சுருக்கென்றது. நான் அந்தச் சமயம் பெருத்துக்கொண்டே போனேன். மாடி ஏறி இறங்குவதைத் தவிர வேலை இல்லாதவள் வேறென்ன ஆவாள்? சின்ன வயதில் கொழுகொழுவென்று இருந்தவள் அவள், ஒல்லிக் குச்சி நான். இப்போது பார்த்தால் எல்லாம் தலைகீழ். உடனே எழுதினேன்: 'யாருக்குக் காட்டடி இடுப்பைக் குறைக்கிற? ஒன் வீட்டுக்காரரு கண்ணாடி மாத்திட்டாரா?'

'சினிமாவுல கேட்டிருக்காக. அம்மா வேசம்தான். ஆனாலும் ஒல்லியா இருக்கணுமாம்' என்று பதில் வந்தது. அடுத்த தடவையும் அரை இஞ்சு. அதற்கடுத்தும் அரை இஞ்சு. 'அப்படி என்னதான்டி சாப்பிடுற? எனக்கும் சொல்லு' என்று எழுதினேன். 'ஒண்ணும் சாப்பிடுறதில்லக்கா. அதான் ரகசியம்' என்று எழுதினாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். என்ன சிரிப்பு என்று என் கணவர் அடுத்த அறையிலிருந்து கேட்கிற அளவுக்குச் சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் டைலரிடம் நேரில் போனேன். என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. அளவு எழுதி வைக்கிற நோட்டை விரித்து என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். தங்கையின் பக்கத்தில் ஒவ்வொரு தடவை எழுதிய அளவும் அடுத்தடுத்து அடித்து அடித்துத் திருத்தியிருந்தது.

"இது எட்டாங் கிளாஸ் பிள்ளைக்குத் தைக்கிற அளவுதான்க்கா. அளவு ஜாக்கெட்டு இனிமே ஒதவாதுன்னு நேர்ல வரச் சொன்னேன். வந்தாக, போன வாரம். டேப்பைச் சுத்துனா எலும்புதான் தட்டுப்படுது. இந்த நாலு படி ஏற ரெண்டு தடவ நின்னாக. தண்ணி குடுத்தேன், அதுவும் நிக்கல, வாந்தியா எடுத்துட்டாக." நோட்டை மடக்கி வைத்தாள். "இத்தனை வருசமா எழுதிக்கிடுறீகளே, அதுல இதெல்லாம் வராதாக்கா?"

என்ன பதில் சொல்ல? வந்தது, நான்தான் சிரித்தேன் என்றா? தையல் மெஷின் பக்கத்தில் கிடந்த வெட்டுக் காகிதத்தை இழுத்து நின்றபடியே எழுதினேன்: 'என்னைய சிரிக்க வைக்காத. உள்ளதைச் சொல்லு.'

பதில் வர இரண்டு வாரம் ஆயிற்று. அத்தனை வருஷத்தில் அவள் எழுதியதிலேயே சின்னக் கடிதம் அதுதான். அது ஒன்றைத்தான் நான் கிழிக்கவில்லை.

'அக்கா, எட்டு மாசமா தின்னது எதுவும் தங்கல. உள்ளூரு டாக்டரு கேஸ் டிரபிள்னு மாத்திரை குடுக்குறாரு. மதுரைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு இவுககிட்ட மூணு தடவ கேட்டேன். அறுப்பு முடியட்டும், திருவிழா முடியட்டும்ங்கிறாக. அரண்மனைப் பொம்பள வயித்தைக் கண்டவனும் அமுக்கிப் பாக்குறதாங்கிறாக மாமியா. நீ வா. நீ வந்து நின்னு கூட்டிட்டுப் போறேன்னா மறுக்க மாட்டாக. பயமா இருக்குக்கா.'

பயமாக இருக்கிறது என்று எங்கள் கடிதத்தில் யாரும் அதுவரை எழுதியதில்லை. அதைப் படித்த அன்றைக்கே கிளம்பியிருக்க வேண்டும். ஒரு நல்ல அக்கா செய்திருப்பாள். நான் என் கணவரிடம் அனுமதி கேட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். "தங்கச்சிக்கு ஒடம்பு ரொம்ப முடியலையாங்க. ஒரு எட்டுப் பாத்துட்டு வரணும்" என்றேன்.

"யாரு சொன்னா?"

"டைலர் சொன்னா."

"அவுக வீட்லருந்து கூப்பிட்டாகளா?"

"முடியாமக் கெடக்குறவளைப் பாக்க எதுக்குங்க கூப்பிடணும்?"

தயிர்ச் சோற்றை நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். அவர் கோபப்படவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதுபோலத்தான் சொன்னார்: "நல்லதுன்னா அவுக வந்து பத்திரிகை வச்சுக் கூப்பிடணும், போவோம். கெட்டதுன்னா கூப்பிடவே வேண்டியதில்ல, காதுல விழுந்ததும் போயிருவோம். அதுல எம்புட்டுப் பகையா இருந்தாலும் பாக்க மாட்டோம். அவுகளும் வாசலை மறிக்க மாட்டாக. இது நல்லதா, கெட்டதா? ரெண்டுமில்லைல்ல? அப்ப எந்த முறையில போறது?"

எங்கள் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் அழைக்காமல் போகக்கூடாது. இழவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. வெட்டுப்பழி குத்துப்பழி இருந்தாலும் இழவு வீட்டுக்குள் போகிறவரை யாரும் ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டார்கள். ஆனால் உயிரோடு இருந்து வாந்தி எடுக்கிறவளுக்கு எந்த முறையும் எழுதி வைக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

அப்புறம் செய்ததுதான் பெரிய தப்பு. தங்கைக்கு எழுதினேன்: 'பொறுத்துக்கோ. ஒன் வீட்டுக்காரரை விட்டு இங்க ஒரு வார்த்தை கூப்பிடச் சொல்லு. ஒரு வார்த்தை போதும். மறுநாளே வாரேன்.' எழுதி, ஊக்குக் குத்தி அனுப்பியபோது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. என் பங்கை முடித்துவிட்டேன், இனி அவள் பாடு. சாகக்கிடக்கிறவளைப் பார்த்து, முதலில் உன் புருஷனிடம் போய் அழைப்பு வாங்கி வா என்று சொன்ன அக்கா இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மூன்று வாரம் போனது. ஒவ்வொரு நாளும் என் கணவரின் போன் அடிக்கும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அழைப்பு வரவில்லை. பிறகு பை வந்தது. கதவைத் தாழ்போட்டுவிட்டு என் அளவு ஜாக்கெட்டை எடுத்தேன். கைக்குள் ஊக்கு குத்தியிருந்தது. தாள் இல்லை. இன்னொரு கையைப் பார்த்தேன். பையைத் தலைகீழாக உதறினேன். வெறும் ஊக்கை மாட்டி அனுப்பியிருந்தாள். எழுத ஒன்றுமில்லை என்றா, எழுத முடியவில்லை என்றா, உனக்கு எழுதி என்ன ஆகப்போகிறது என்றா? எதுவாக இருந்தாலும் அது எனக்கு வேண்டியதுதான்.

மறுநாள் காலை, ஜாக்கெட்டில் கொக்கி சரியில்லை என்று சொல்லி டைலர் கடைக்குக் கிளம்பினேன். பழங்காநத்தத்தில் இறங்கியதும் டிரைவரிடம், "அண்ணே, பிரிச்சுத் தைக்கணுமாம், நேரமாகும். நீங்க போயிச் சாப்பிட்டு வாங்க" என்றேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் டைலர் மெஷினை விட்டு எழுந்தாள். "வாங்கக்கா" என்று என் கையைப் பிடித்து பஸ் நிற்கிற இடம் வரை இழுத்துக்கொண்டு போனாள். "நான் அல்லாகிட்ட துஆ செய்யுறேன். நீங்க போயிச் சேருங்க, டிரைவரை நான் பாத்துக்கிடுறேன்" என்றாள். எந்தப் பக்கக் கதவில் ஏறுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு பஸ் ஏறுவது அதுதான் முதல் தடவை.

அரண்மனைக்காரி பஸ்ஸில் போனால் வானம் இடிந்து விழும் என்றல்லவா நினைத்திருந்தேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. கண்டக்டர், "தள்ளி நில்லும்மா, வழியில நிக்காத" என்று அதட்டினார். திருமங்கலத்தில் உட்கார இடம் கிடைத்தது. இவ்வளவுதானா? இந்த ஒரு சீட்டுக்கா ஒன்பது வருஷம்? ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. தங்கை வீட்டு வாசலில் நடக்கப்போகிற சண்டைக்கு வழியெல்லாம் வார்த்தை சேர்த்தேன். அவள் மாமியார் எனக்குச் சின்னத்தை முறை. அந்த வாய்க்குப் பயந்து பால்காரர் கேட்டிலேயே பாலை வைத்துவிட்டு ஓடுவார். 'அழைக்காத வீட்டுக்கு எந்த மொகத்தோட வந்த?' என்று கேட்பாள். 'எந்தங்கச்சியைக் கொல்ல விட மாட்டேன்னு வந்தேன்' என்று சொல்ல வேண்டும். கொழுந்தன் குறுக்கே வந்தால் அதற்கும் ஒன்று வைத்திருந்தேன். கட்டிப் புரண்டாவது அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்றுதான் போனேன்.

டி. கல்லுப்பட்டியில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். கேட்டில் நின்ற ஆள் என்னைப் பார்த்ததும் யாரையும் கேட்காமல் திறந்துவிட்டான். முன்னறையில் சின்னத்தை உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள். நான் மூச்சை இழுத்துக்கொண்டேன்.

"வா தாயி. உள்ளதான் இருக்கா" என்றாள். என் கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்தாள்.

கொழுந்தன் தோளில் துண்டோடு வந்தார். "வாங்க மதினி" என்றார். தலையைக் குனிந்துகொண்டார். பிறகு உள்ளே பார்த்து, "மதினிக்குக் காப்பி போடச் சொல்லு" என்றார். எப்படி வந்தீர்கள் என்று கேட்கவில்லை. கார் எங்கே என்று கேட்கவில்லை. ஏன் வந்தீர்கள் என்று யாருமே கேட்கவில்லை. நான் சேர்த்துக்கொண்டு வந்த அத்தனை வார்த்தையும் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. ஏன் இப்படி வரவேற்கிறார்கள் என்று அப்போது விளங்கவில்லை.

தங்கை கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பிடித்துப் பிடித்துத் தைத்த ஜாக்கெட்டும் தொளதொளவென்று கிடந்தது. அவள் முகத்தில் கண் மட்டும்தான் நான் பார்த்த கண்ணாக இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் தரையில் உட்கார்ந்து கட்டிலில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். அப்பா சொன்னதெல்லாம் போகட்டும், நன்றாக அழுதேன். அவள்தான் என் தலையைத் தடவினாள்.

"யாரு கூப்பிட்டாக ஒன்னைய?" என்றாள்.

"யாரும் கூப்பிடல. நானாத்தான் வந்தேன். பஸ்ஸுல வந்தேன்."

"ஆத்தீ, பஸ்ஸுலயா!" மூச்சு வாங்கச் சிரித்தாள். "கேட்டுல நிப்பாட்டலையா?"

"இல்ல. தெறந்து விட்டுட்டான்."

"என் மாமியா கத்தலையா?"

"வா தாயின்னாக."

அவள் சிரிப்பு நின்றது. மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தாள். "அவுக?" என்றாள்.

"வாங்க மதினின்னாரு. காப்பி போடச் சொன்னாரு."

அவள் என் தலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. அழைக்காமல் வந்தவளை வா என்று சொல்லிக் கையைப் பிடிப்பது எந்த வீட்டில், எந்தக் காரியத்துக்கு என்று எங்கள் இரண்டு பேருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம். எவன் தடுக்கிறான்னு பாக்குறேன்" என்று நான் சத்தமாகச் சொன்னேன். தடுப்பதற்கு அங்கே ஒருத்தரும் இல்லை.

சாயங்காலம் என் கணவரின் கார் வந்து நின்றது. டைலரும் எவ்வளவு நேரம்தான் டிரைவரைச் சமாளிப்பாள்? ஒன்பது வருஷமாக மிதிக்காத வாசலில் அவர் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. நான் தங்கையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். இப்போது வெடிக்கும், இப்போது வெடிக்கும் என்று இரண்டு பேரும் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். "வாங்கண்ணே" என்று கொழுந்தன் குரல். நாற்காலி இழுபடுகிற சத்தம். அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்கள் இரண்டு பேரும் தணிந்த குரலில் பேச ஆரம்பித்தார்கள். பரிவட்டத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. "வெள்ளெனக் கெளம்பிருவோம், ரெண்டு காரையும் எடுத்துக்கிடுவோம்" என்று என் கணவர் சொன்னார். "சரிண்ணே" என்றார் அவர்.

தங்கை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"ஒரு வார்த்தையாவது சண்டை போட்டிருக்கலாம்லக்கா" என்றாள்.